முறியும் முன்னே தாங்க வேண்டும்

பாலாற்றுப் பிரதேசத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களில், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களுக்கும், டேனரியில் ஈரத்தோலைச் சுமந்து போடும் ஆண்களுக்கும், கால் இரண்டும் திடமாக இருக்கும் வரைதான் குடும்பத்துக்கு ஜீவனம். அத்தகைய குடும்பமொன்றில், சில வருஷங்களுக்கு முன் மார்பிலோ வேறிடத்திலோ தோன்றி, சிகிச்சையால் அடங்கிவிட்டதாக எண்ணப்பட்ட புற்றுநோய் எலும்புக்குள் மறுபடியும் தலையெடுத்து, யாரும் தள்ளாமலும் எங்கும் விழாமலும், படுக்கையை விட்டு எழுந்திருக்கும் சாதாரணக் காரியத்திலேயே தொடை எலும்பை முறித்துவிடும்போது, வீட்டார் மனத்திலும், சில சமயங்களில் மருத்துவர் மனத்திலுங்கூட, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற தீர்மானம் எழுந்துவிடுகிறது. அந்தத் தீர்மானம் தவறானது; அது எத்தனையோ பேரைத் தவிர்க்கக்கூடிய அவஸ்தையில் தள்ளுகிறது. இந்த முறிவுகளைச் செப்பனிட வழி உண்டு. அவற்றில் பலவற்றை முறியும் முன்னரே தடுக்கவும் வழி உண்டு. வேலூரின் சரித்திரமே அதற்கு நமக்கு உபதேசமாக இருக்கிறது.

முதலில் வியாதியின் இயல்பைத் தெரிந்துகொள்வது நலம். மார்பகம், புராஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்து இடங்களில் தோன்றும் புற்றுநோய்களே எலும்புக்குப் பரவுவதில் முதன்மையானவை. 1889-ல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, இந்நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவுவதில்லை, தனக்கு ஏற்ற நிலத்தைத் தேடி விழும் விதையைப் போல எலும்பை விசேஷமாக நாடுகிறது என்று எழுதினார். அதற்குப் பிற்பட்ட ஆராய்ச்சி அதன் சூட்சுமத்தை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. எலும்பு என்பது ஓயாமல் கரைந்தும் கட்டப்பட்டும் வரும் ஜீவனுள்ள பொருள். புற்றணுக்கள் எலும்பைத் தாமே அரிப்பதைக் காட்டிலும், எலும்பைக் கரைக்கும் உடலின் சொந்த அணுக்களைத் தூண்டிவிட்டு, பெரும்பாலும் கட்டும் வேலையைக் கரைக்கும் வேலை மிஞ்சும்படி செய்துவிடுகின்றன. கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் சத்துக்கள் புற்றணுக்களை மேலும் வளர்க்கின்றன. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேற்பகுதி, புஜத்தின் எலும்பு ஆகியவை இந்த அழிவுக்கு அதிகமாக இலக்காகின்றன. இவற்றுள் தொடை எலும்பின் மேற்பகுதியே உடம்பின் பாரத்தை ஒவ்வோர் அடியிலும் சுமப்பதால், நீண்ட எலும்புகளில் முறிவு அங்கேதான் அதிகம் நேர்கிறது.

ஆனால் எலும்பு பெரும்பாலும் எச்சரிக்கை செய்யாமல் முறிவதில்லை. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முன்னதாகவே வலி வருகிறது. இரவில் ஓய்ந்து படுத்திருக்கும்போதும் விடாத வலி. பிறகு காலை ஊன்றினால் தொடையிலும் அரையிலும் சுரீரென்று ஏறும் வலி. இந்த இரண்டாவது வகை வலி, எலும்பு தன் பாரத்தைத் தாங்கும் சக்தியை இழந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நேரான அறிகுறி. நம் ஊர்களில் அந்த வலிக்கு வாயு என்றும், சுளுக்கு என்றும், மூட்டுத் தேய்மானம் என்றும் பெயரிட்டு, தைலம் தடவி, சுளுக்கு எடுப்பவரிடம் காட்டி, நாளைக் கழித்துவிடுகிறோம். உள்ளே அரிக்கப்பட்ட எலும்பை அழுத்தித் தேய்ப்பதும் முறுக்குவதும் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முறிந்த பிறகோ, வடக்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் தலைமுறைகளாகப் பேர் பெற்றுவரும் புத்தூர்க் கட்டை நாடிப் போகிறவர்கள் பழைய வடார்க்காட்டு ஜில்லாப் பகுதியில் அநேகர். ஏழைகளுக்கு எட்டும் செலவில் வைத்தியம் கிடைக்கிறது என்ற நம்பிக்கையோடு போகும் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுப் போட்டால் கூடுவது ஆரோக்கியமான எலும்பு. நடுவே புற்று குடிகொண்ட எலும்பு கட்டுக்குள் வைத்திருப்பதனால் மட்டும் கூடிவிடுவதில்லை. எப்போதாவது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் ஒருவருக்கு, அது பத்து வருஷங்களுக்கு முன்னால் ஆனாலும் சரி, எலும்பில் வலியோ முறிவோ கண்டால், கட்டுக்கும் தைலத்துக்கும் முன்னால் அந்த எலும்பு முழுவதற்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை ஊரெல்லாம் அறிந்திருந்தால் போதும், பாதிக் கஷ்டம் தீரும். அதிலும் ஒரு விஷயம் உண்டு. எலும்பின் சுண்ணச் சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் பழுது தெரியும். ஆகையால் படம் சரியாக இருக்கிறது என்பதனால் மட்டும் வலியை அலட்சியம் செய்துவிடாமல், எலும்பு ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ செய்துகொள்வது அவசியம்.

எந்த எலும்பு முறியப் போகிறது, எது தாங்கும் என்று முன்கூட்டி நிர்ணயிப்பது எப்படி? இதற்கு 1989-ல் மிரெல்ஸ் என்ற மருத்துவர் வகுத்த ஓர் எளிய கணக்கு இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. பழுதுள்ள இடம் கையா, காலா, தொடையெலும்பின் மேற்கணுவா. வலி லேசானதா, மத்தியமானதா, இயக்கத்தோடு மிகுவதா. எலும்பு கெட்டியாகியிருக்கிறதா, கரைந்திருக்கிறதா, இரண்டும் கலந்திருக்கிறதா. பழுது எலும்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கியதா, மூன்றில் இரண்டு பங்கையும் கடந்ததா என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் வந்தால், முறியும் வரை காத்திராமல் எலும்புக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பதும், 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் கதிர்வீச்சுச் சிகிச்சையோடு கவனித்து வரலாம் என்பதும், 8 வந்தால் மருத்துவரின் அநுபவத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பதும் அவர் கண்ட முடிவு. முறியாமல் தாங்கக்கூடிய எலும்பையும் சில வேளைகளில் அபாயமென்று காட்டிவிடுகிறது என்ற குறை இக்கணக்குக்கு உண்டு. ஆனாலும் ஓர் எக்ஸ்ரே படத்தையும் நோயாளியின் வாய்மொழியையும் வைத்துக்கொண்டு, பெரிய உபகரணம் எதுவுமின்றி ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் அமர்ந்தே போடக்கூடிய கணக்கு அது. உத்தரத்தில் விரிசல் கண்டவன் கூரை விழுந்த பிறகு கொத்தனாரைத் தேடுவதில்லை. விரிசல் கண்ட அன்றே முட்டுக் கொடுக்கிறான். நம் உறவினரின் தொடை எலும்புக்கு நாம் அவ்வளவுகூடச் செய்யாமல் இருப்பது நியாயமா?

அந்தத் தாங்கல் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட எலும்பின் நடுக்குழலுக்குள் உலோகத் தண்டு ஒன்றைச் செலுத்தி, மேலும் கீழும் திருகிட்டு இறுக்கிவிடுவது ஒரு முறை; தொடையெலும்பின் தலையும் கழுத்தும் கெட்டிருந்தால், அவற்றை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்துவது மற்றொரு முறை; கரைந்துபோன இடைவெளியை எலும்புச் சிமெண்டால் நிரப்புவது இரண்டுக்கும் துணையானது. விபத்தில் எலும்பு முறிந்த இளைஞனுக்குச் செய்யும் வைத்தியத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் ஒன்றுண்டு. இளைஞனின் எலும்பு சில மாதங்களில் தானே கூடிவிடும். உலோகம் அதுவரை துணை நின்றால் போதும். புற்றுநோயாளியின் எலும்போ கூடாமலே போகலாம் என்று எண்ணி, அவர் ஆயுள் உள்ளவரை உலோகமே பாரத்தைத் தாங்கும்படியும், மறுநாளோ அதற்கு மறுநாளோ அவர் காலை ஊன்றி நிற்கும்படியும், எலும்பு முழுவதற்கும் காப்பாக அமையும்படியும் முதல் தடவையிலேயே செய்துவிட வேண்டும். மூன்று மாதம் காலை ஊன்றாதே என்று சொல்லி அனுப்புவது, ஒரு வருஷ ஆயுள் உள்ளவரிடமிருந்து அதில் கால் பங்கைப் பறித்துக்கொள்வதாகும்.

கத்தியை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவையும் உண்டு. எலும்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழுது இருந்து, அது பரவிய புற்றுதான் என்று முன்பு நிரூபணமாகாமல் இருந்தால், சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் தண்டைச் செலுத்தக் கூடாது. அது எலும்பிலேயே பிறந்த சார்கோமா என்ற புற்றாக இருந்துவிட்டால், தண்டு அதை எலும்பு நெடுகிலும் பரப்பி, காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும், ஒருவேளை உயிரையும் இழக்கும்படி செய்துவிடும். சிறுநீரகத்திலிருந்தும் தைராய்டிலிருந்தும் பரவிய புற்று இரத்தக் குழாய்கள் செறிந்தது. அறுவைக்கு முன்னதாக அந்தக் குழாய்களை அடைத்துவிடாமல் கை வைத்தால் கட்டுக்கடங்காத இரத்தப் போக்கு நேரலாம். ஆகையால் எலும்பு வைத்தியர் தனித்து நின்று செய்யும் காரியமன்று இது. புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், வலி தணிக்கும் மருத்துவர் ஆகியோர் அவரோடு ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அறுவை முடிந்து புண் ஆறியதும் அந்த எலும்புக்குக் கதிர்வீச்சுக் கொடுக்க வேண்டும். இல்லையேல் மிச்சமுள்ள புற்று வளர்ந்து உலோகத்தின் பிடிப்பையே தளர்த்திவிடும். அறுவை வேண்டாத இடத்தில் வலியைத் தணிக்கவும் கதிர்வீச்சே முக்கிய சாதனம். அதற்காகப் பத்து நாள் தங்க வேண்டுமே, கூலி போகுமே என்று அஞ்சிப் பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். சிக்கலில்லாத எலும்பு வலிக்கு 8 கிரே அளவுள்ள ஒரே தடவைக் கதிர்வீச்சு, பல நாள் பிரித்துக் கொடுக்கும் கதிர்வீச்சுக்குச் சமமாக வலியைத் தணிக்கிறது என்று பல ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றன. பின்னால் மறுமுறை கொடுக்க நேரலாம் என்பது மட்டுமே வித்தியாசம். ஆம்பூரிலிருந்து காலையில் புறப்பட்டு வேலூரில் சிகிச்சை பெற்று மாலையில் வீடு திரும்பலாம் என்பதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமிலம் போன்ற ஊசி மருந்துகளும் முறிவைக் குறைக்கின்றன. ஆனால் சிறுநீரகத்தின் நிலையைப் பரீட்சித்து, கெட்ட பல்லை முன்பே அகற்றிக்கொண்டு தொடங்க வேண்டும். ஊசி போட ஆரம்பித்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு புண்ணாகும் அபாயம் உண்டு.

முதுகெலும்பைப் பற்றித் தனியே சொல்லாமல் விடக் கூடாது. முதுகில் நாளுக்கு நாள் ஏறும் வலி, படுத்தால் அதிகமாகும் வலி, மார்பையோ வயிற்றையோ கச்சையால் இறுக்கியதுபோன்ற வேதனை, கால்களில் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு ஆகியவை புற்றுநோயாளிக்குத் தோன்றினால், தண்டுவடம் நசுங்குகிறது என்று கொண்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் மணி நேரங்களுக்கு மதிப்பு உண்டு. 2005-ல் லான்செட் பத்திரிகையில் வெளியான பாட்செல் குழுவினரின் ஆய்வில், ஓரிடத்தில் மட்டும் தண்டுவடம் நசுங்கிய நோயாளிகளில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 57 பேர் நடந்தார்கள். அறுவை செய்து பிறகு கதிர்வீச்சுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேர் நடந்தார்கள். கால் முற்றிலும் விழுந்த பிறகு வருகிறவருக்கு இந்த நற்பலன் கிட்டுவது அரிது. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்ட ஓர் இரவு, மிச்ச ஆயுள் முழுவதையும் படுக்கையில் கழிக்கச் செய்துவிடக்கூடும்.

இவ்வளவும் கேட்ட பிறகும், எத்தனை நாள் இருக்கப் போகிறாரோ தெரியாது, இந்த நிலையில் கத்தி எதற்கு, செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அன்பும் அச்சமும் கலந்துதான் அப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு விடை சொல்லலாம். மார்பகத்திலிருந்தோ புராஸ்டேட்டிலிருந்தோ எலும்புக்குப் பரவிய நோயோடு இன்றைய சிகிச்சையால் வருஷக்கணக்கில் வாழ்பவர்கள் அநேகர். எலும்பில் பரவிவிட்டது என்பதனாலேயே மரணம் நாளை வந்துவிடும் என்று கொள்வது அறியாமை. ஆயுள் சில மாதங்களே என்று வைத்துக்கொண்டாலும், முறிந்த தொடையோடு கிடப்பவர் படும் பாடு என்ன? புரட்டும்போதெல்லாம் அலறும் வலி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, நெஞ்சில் சளி, காலில் இரத்தம் உறைதல். அவரைக் கவனிக்க வேலைக்குப் போகாமல் வீட்டில் தங்கும் மகளின் கூலி. எலும்பைத் தாங்கிவிட்டால் அவர் எழுந்து உட்கார்ந்து, பிறர் கைத்தாங்கலின்றிக் கழிவறைக்குப் போய், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கலாம். ஆயுளை நீட்டிக்காத சிகிச்சை வீண் என்பது கொடுமையான சித்தாந்தம். இன்னும் சில நாட்களே என்ற அந்திம தசையில் உள்ளவருக்கு அறுவை வேண்டியதில்லை. அவருக்கு மார்பின் என்ற வலி நீக்கும் மருந்தும், அசையாதிருக்கச் செய்யும் பட்டையும், அருகிலிருக்கும் மனிதருமே சிகிச்சை. மார்பின் என்றதும் அஞ்ச வேண்டாம். 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தினால் கிடைப்பது அரிதாயிருந்த அந்த மருந்தை, 2014-ல் வந்த திருத்தம் நோயாளிகளுக்கு எளிதில் எட்டும்படி செய்ய வழி வகுத்திருக்கிறது. முறையாகக் கொடுத்தால் அது வலியையே கொல்கிறது, நோயாளியை அல்ல.

நோயைக் குணப்படுத்த முடியாத இடத்திலும் மனிதனுக்கு உதவ முடியும் என்ற இந்தக் கொள்கை வேலூருக்குப் புதிதன்று. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலையிலிருந்து வளர்ந்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு, 1946-ல் வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளைக் கண்டு, செத்த நரம்பை உயிர்ப்பிக்க இயலாது என்று கைவிட்டுவிடாமல், உயிருள்ள தசையின் நாணை எடுத்து மாற்றி இணைத்து, அந்தக் கைகளைத் திரும்பவும் உணவு எடுக்கவும் தொழில் செய்யவும் பழக்கினார். உணர்ச்சியற்ற பாதங்கள் புண்ணாகாமல் காக்க மென்மையான ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்ததும் வேலூரிலும் அதன் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்த காரியமே. 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அந்தப் பரம்பரையில் வந்த ஊரார், புற்றுநோயாளியின் முறிந்த காலைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லலாகாது.

தர்மமான சிகிச்சைக்கு உண்மை ஒரு முன் நிபந்தனை. நம் குடும்பங்களில் வியாதியின் பெயரை நோயாளிக்கு மறைப்பது அன்பென்று கருதப்படுகிறது. ஆனால் தன் எலும்பில் என்ன இருக்கிறது என்று அறியாதவர், குந்தி உட்காரக் கூடாது, குடத்தைத் தூக்கக் கூடாது, தொழுகைக்கு மண்டியிடாமல் நாற்காலியில் அமர்ந்தே தொழலாம் என்று சொன்னால் ஏன் கேட்பார்? அறுவை வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கிற அளவுக்கு, தாங்குகிற வேகத்தில், பொய் கலவாமல் சொன்னால் போதும்.

இனிச் செல்வமும் சட்டமும் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். ஷூ கம்பெனிகளில் தையல் மேஜைக்கு முன் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தியப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். எலும்பை நாடுவதில் முதல் வரிசையில் நிற்பதும் அதுவே. இ.எஸ்.ஐ. திட்டத்தின்படி, போதிய காலம் சந்தா செலுத்திய தொழிலாளிக்குப் புற்றுநோய் போன்ற நீண்ட வியாதிகளில் கூலியில் 80 சதவீதம்வரை இரண்டு வருஷங்கள் நீட்டித்துக் கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகை உண்டு. இதை அறியாமலே வேலையை விட்டு நின்றுவிடும் பெண்கள் இருக்கக் கூடாது; அதை எழுதிப் பெற்றுத் தருவது கம்பெனி நிர்வாகத்தின் கடமை. ஆனால் ஆம்பூர்ச் சந்துகளில் வீட்டுத் திண்ணையிலேயே ஜோடிக்கு இவ்வளவென்று ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் பெண்களின் பெயர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இராது. அவர்களுக்கு அந்த உதவியும் இல்லை. அவர்கள் தைத்த செருப்பு ஐரோப்பியக் கடைகளில் விற்பதற்குத் தடையில்லை என்றால், அவர்களுக்குச் சமூகக் காப்பு அளிப்பதற்கு மட்டும் என்ன தடை?

இந்த வட்டாரம் தேசத்துக்கு ஒரு தத்துவத்தை வழங்கியிருக்கிறது. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கேடு நேரும் என்று அஞ்சத்தக்க காரணமிருந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைத் தத்துவத்தை இந்தியச் சட்டத்தின் அங்கமாக ஏற்றது. ஆற்றுக்கு ஏற்ற நீதி மனித எலும்புக்கும் ஏற்றதே. அதன்படி நாம் கோர வேண்டியவை நான்கு. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மறுவருகையிலும் எலும்பு வலி உண்டா என்று கேட்டுக் குறிப்பது கட்டாயமாக வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் ஊழியர்களுக்கு, ஊன்றினால் வரும் தொடை வலியையும் கால் தளர்ச்சியையும் அடையாளம் காணும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி முதலான பெரிய ஆஸ்பத்திரிகளில் எலும்பு, புற்றுநோய், கதிர்வீச்சு, வலி தணிப்பு மருத்துவர்கள் வாரம் ஒரு நாள் ஒன்றாக அமர்ந்து இந்நோயாளிகளைப் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், எலும்பு முறிவதற்கு முன் செய்யும் தாங்கல் அறுவை ஐயத்துக்கு இடமின்றித் தன் பெயரால் இடம்பெற வேண்டும். முறிந்து காட்டினால்தான் பணம் என்ற நிலை எங்கும் எழவே கூடாது.

இவற்றுள் ஒன்றுக்கேனும் புதுக் கண்டுபிடிப்போ பெரும் பொக்கிஷமோ தேவையில்லை. தண்டு இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, மருந்து இருக்கிறது, கற்றுத் தேர்ந்த மருத்துவர்கள் வேலூரிலேயே இருக்கிறார்கள். வலி தோன்றும் நாளுக்கும் எலும்பு முறியும் நாளுக்கும் இடையிலுள்ள அந்தச் சில வாரங்களை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும் பொறுப்பு குடும்பத்துக்கும், முதலில் பார்க்கும் வைத்தியருக்கும், முதலாளிக்கும், சர்க்காருக்கும் பொதுவானது. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், நோயை வெல்ல முடியாத எத்தனையோ பேரை அவர்களது இறுதிக் காலம் வரை தம் காலில் நிற்கும்படி செய்ய நம்மால் முடியும். முடிந்ததைச் செய்யாமல் இருப்பதற்கு நம்மிடம் இனி நியாயமான காரணம் எதுவும் இல்லை.